மலையில் பிறக்கிற கோபம் வீட்டில் விழலாமா?



"வீட்டுக்கு வீடு வாசப்படி" என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். சண்டை சச்சரவு இல்லாத குடும்பம் எங்கேயும் கிடையாது. டவுனிலும் உண்டு, பங்களாவிலும் உண்டு. ஆனால் லயத்தில் நடக்கிற சண்டை சீக்கிரம் வெளியே வந்துவிடும். வெள்ளைக்காரர் காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வரிசையாகக் கட்டிய காம்பராக்களில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வீட்டில் சட்டி விழுந்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

நலன்புரி வேலை செய்கிறவர்களிடம் வருகிற குடும்ப முறைப்பாடுகளைக் கேட்டால், சண்டைக்குச் சொல்கிற காரணம் மிகவும் சின்னதாக இருக்கும். "கறியிலே உப்பு இல்லேன்னு தட்டை வீசிட்டாருங்க." "கடைக்குப் போன புள்ள சுணங்கி வந்திச்சின்னு அடிச்சிட்டாங்க." "மாமி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க."

உப்பு இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளலாம். அதற்காகத் தட்டு பறக்க வேண்டியதில்லை. அந்தக் கோபம் காலையிலேயே வேறு எங்கேயோ பிறந்து, பொழுதெல்லாம் நெஞ்சுக்குள் கிடந்து, வீட்டுக்கு வந்ததும் உப்பைச் சாக்காக வைத்து வெளியே வந்தது. அது எங்கே பிறக்கிறது, எப்படி வீடு வரை வருகிறது, வழியிலேயே இறக்கிவைக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோபம் நடந்து வருகிற வழி

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், கூட ஒரு பாட்டி.

மனைவி கொழுந்து மலைக்குப் போகிறாள். மழை நாள். கொழுந்தும் குறைவு. நிறுக்கிற இடத்தில் தண்ணிக்கு என்று ஒரு கழிவு, கூடைக்கு என்று ஒரு கழிவு. கடைசியில் தோட்டம் கேட்கிற கிலோ வரவில்லை, அரைப் பேர்தான் விழுகிறது. கங்காணியிடம் எதிர்த்துப் பேசினால் நாளைக்கு மோசமான நிரை கிடைக்குமோ என்று பயம். வாயை மூடிக்கொண்டு இறங்கி வருகிறாள்.

கணவன் கான் வெட்டப் போனவர். வேலை சரியில்லை என்று பத்துப் பேர் முன்னால் ஏச்சு வாங்கினார். பகல் வேலை முடிந்து கடைக்குப் போனால் முதலாளி, "பழைய பாக்கியைக் கட்டிட்டு சாமான் எடுங்க" என்கிறார். அதையும் பத்துப் பேர் கேட்கிறார்கள்.

பின்னேரம் ஐந்தரை மணிக்கு இந்த இரண்டு பேரும் ஒரே காம்பராவில் சந்திக்கிறார்கள். "இன்னும் உலை வைக்கலியா?" என்று ஒரு கேள்வி. "எனக்கு என்ன நாலு கையா இருக்கு?" என்று ஒரு பதில். அவர் மனைவியை ஏசுகிறார். அவள் மூத்த பிள்ளையின் முதுகில் ஒன்று போடுகிறாள். அது தம்பியைக் கிள்ளுகிறது. தம்பி வாசலில் படுத்திருக்கிற நாயை உதைக்கிறான். மலையில் விழுந்த ஏச்சு, பொழுது சாயும்போது நாயின் முதுகில் வந்து முடிகிறது.

யார் மேல் கோபம் வந்ததோ அவரிடம் நம்மால் காட்ட முடியவில்லை. காட்டினால் பேர் போகும், கடன் கிடைக்காது. யாரிடம் காட்டினால் நமக்கு ஒன்றும் ஆகாதோ, அவரிடம் காட்டுகிறோம். அவர்கள்தான் நம்மை நம்பி இருக்கிறவர்கள்.

அதனால் முதல் வேலை இதுதான். கோபம் வரும்போது, "இது யார் மேலே வந்த கோபம்?" என்று ஒரு தரம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் "கங்காணி மேலே" என்று வந்தால், அதற்கு உரிய இடம் வீடு இல்லை. ஒரு சின்னக் கொப்பியில் தினமும் எத்தனை கிலோ எடுத்தீர்கள், எத்தனை கழித்தார்கள், முழுப் பேரா அரைப் பேரா என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கொண்டு எழுதலாம். மாதக் கடைசியில் அந்தக் கொப்பியோடு தலைவரிடமோ ஆபீசிலோ பேசுங்கள். சத்தம் போட்டால் "இந்த அம்மா எப்பவும் இப்படித்தான்" என்று தள்ளிவிடலாம். தேதி போட்டு எழுதிய கணக்கைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

உடம்பும் ஒரு காரணம்

கொழுந்து எடுக்கிற ஒரு தாயின் நாளை எண்ணிப் பாருங்கள். காலை நாலரை மணிக்கு எழும்புகிறாள். தண்ணி பிடித்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்துக்கும் அனுப்பிவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறாள். பின்னேரம் வரை மலை. வரும்போது தலையில் விறகு. பிறகு சமையல், துணி, பாத்திரம். படுக்க ஒன்பதரை மணி ஆகிறது. பதினேழு மணி நேரம் அவள் உட்கார்ந்தது எத்தனை நிமிஷம்?

இதோடு இரத்தக் குறைவும் சேர்ந்தால் சொல்லத் தேவையில்லை. இரத்தம் குறைந்த உடம்பு சீக்கிரம் களைக்கும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். அந்தப் பெண்ணை "வாய்க்காரி", "சிடுமூஞ்சி" என்று பேர் வைத்துவிடுகிறோம். அவளுக்குத் தேவைப்படுவது இரும்புச்சத்தாக இருக்கலாம். கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்க்கலாம். மருத்துவமாது கொடுக்கிற குளிசையைக் கூரையில் சொருகி வைக்காமல் விழுங்க வேண்டும்.

இன்னொன்று. நாம் தேயிலையோடு வாழ்கிறவர்கள், சோற்றோடும் ரொட்டியோடும் சாயத்தண்ணி குடிக்கிறோம். சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேருவதைச் சாயம் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் அந்த நஷ்டம் குறையும். கீரை, பருப்பு, நெத்தலி சாப்பிடும்போது கொஞ்சம் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

கோபம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெஞ்சு வேகமாக அடிக்கும், கை இறுகும், மூச்சு மேலே மேலே வாங்கும். உடம்பு சண்டைக்குத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் புத்தி நிதானமாக வேலை செய்யாது. உடம்பு பழைய நிலைக்குத் திரும்பக் கொஞ்ச நேரம், சில பேருக்கு அரை மணி நேரமும் எடுக்கும். அந்த அரை மணி நேரத்தைக் கடந்துவிட்டால் பாதிச் சண்டை நடக்காது.

அந்தப் பின்னேர நேரம்

சில வீடுகளில் நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து வந்த முதல் அரை மணி நேரத்தில் யாரும் காசுப் பேச்சு எடுப்பதில்லை. பிள்ளையின் குறை, மாமியின் குறை, கடைக்காரர் சொன்னது எதுவும் இல்லை. முகம் கால் கழுவி, ஒரு தேத்தண்ணி, கடிக்க ஒரு துண்டு ரொட்டி, கொஞ்ச நேரம் இஸ்தோப்பில் உட்காருவது. பிறகு எதையும் பேசலாம். இதற்குக் காசு செலவில்லை. வீட்டில் எல்லாரும் சம்மதித்து ஒரு கட்டுப்பாடாக வைத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, வேலையைப் பங்கு போடுவது. கவ்வாத்து, கான் வேலை, புல்லு வேலைக்குப் போகிற ஆம்பிளைகள் பல தோட்டங்களில் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பெண்கள் வர ஐந்து மணி ஆகிறது. இடையில் இருக்கிற மூன்று மணி நேரத்தில் தண்ணி பிடித்து, விறகு பிளந்து, உலை வைத்து, பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைக் கூட்டி வந்தால் பின்னேரச் சண்டையில் பாதிக்கு இடமே இல்லை.

"ஆம்பிளை உலை வைக்கிறதா?" என்று சில பேர் சிரிப்பார்கள். கோயில் திருவிழாவில் அண்டா அண்டாவாகச் சோறு ஆக்குகிறவர்கள் யார்? கல்யாண வீட்டில் கறி கிண்டுகிறவர்கள் யார்? அங்கே போகாத மானம் சொந்தக் குசினியில் மட்டும் எப்படிப் போகும்? 1984ஆம் ஆண்டு முதல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் சம்பளம். சம்பளம் சமமாகி நாற்பது வருஷம் கடந்தும் வீட்டு வேலை சமமாகவில்லை.

சம்பள நாள் சண்டை

சம்பளம் போடுகிற அன்று சந்தோஷம் இருக்க வேண்டும். ஆனால் பல வீடுகளில் அன்றைக்குத்தான் பெரிய சண்டை. காரணம், கையில் வருகிற காசு நினைத்த காசு இல்லை. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 ரூபாய் கழிகிறது. தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, கோயில் காசு, வேறு கடன் என்று மிச்சமும் கழிகிறது. மழையிலும் காய்ச்சலிலும் பேர் குறைந்த மாதம் என்றால் இன்னும் மோசம். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் விழுந்ததும், 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கோதுமை மா, அரிசி விலை ஏறியதும் நமக்கு மறக்காது. அந்தக் காலத்தில் வாங்கிய கடனை இன்னும் கட்டுகிற குடும்பங்கள் உண்டு.

காசு இல்லாதது ஒரு கஷ்டம். காசு எங்கே போனது என்று தெரியாதது அதைவிடப் பெரிய கஷ்டம். அங்கேதான் சந்தேகம் நுழைகிறது. "நீ தாய் வீட்டுக்குக் கொடுத்திட்டே", "நீங்க குடிச்சிட்டீங்க" என்று பேச்சு வருகிறது. அதனால் சம்பளத் துண்டு இரண்டையும் விரித்துவைத்துக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். வந்தது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். துண்டில் விளங்காத கழிவு இருந்தால் ஆபீசில் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.

இரகசியக் கடன் வேண்டாம். தோட்டைக் கணவனுக்குத் தெரியாமல் அடகு வைப்பதும், மனைவிக்குத் தெரியாமல் வட்டிக்கு எடுப்பதும், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து கட்டுப்பணம் கேட்கிறவர்களிடம் குழுக் கடன் வாங்குவதும் ஒரு நாள் வெளியே வரத்தான் செய்யும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கிற நிலைக்கு வந்துவிட்டால், ஒளிக்காமல் உடனே வீட்டில் சொல்லுங்கள். தனியாகச் சுமக்கிற கடன் தூக்கத்தைக் கெடுக்கும்.

குடியால் வலி போகுமா?

"உடம்பு நோகுது, கொஞ்சம் போட்டாத்தான் தூக்கம் வருது" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. குளிரில் நனைந்து வேலை செய்கிற உடம்பு நோகத்தான் செய்யும். ஆனால் சாராயம் வலியை மறைக்கும், போக்காது. குடித்தவுடன் தூக்கம் வரும், நடு இராத்திரியில் அது கலையும். காலையில் உடம்பு இன்னும் அலுப்பாக இருக்கும், மனம் இன்னும் கனக்கும். கசிப்பு என்றால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவனுக்குத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, பிதற்றல், வலிப்புகூட வரலாம். அது உயிருக்கு ஆபத்து. "சாமிக்கு மாலை போட்டாரு, அதான் இப்படி" என்று வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டொக்டரிடம் சொல்லி, மருந்தோடு நிறுத்தினால் பாதுகாப்பாக நிறுத்தலாம்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

ஒரே காம்பராவில் நடக்கிற சண்டையைப் பிள்ளை எங்கே போய் மறைந்து பார்க்காமல் இருக்கும்? பெட்சீட்டைத் தலை வரை இழுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கும். ஏழு வயதுப் பிள்ளை மறுபடி படுக்கையில் ஒன்றுக்குப் போகும். இன்னொரு பிள்ளைக்குப் பள்ளிக்கூட நேரம் வந்தால் வயிற்று வலி வரும். நன்றாகப் படித்த பிள்ளை பின்வாங்கும். அடித்து இவற்றைத் திருத்த முடியாது.

அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில் என்று பாட்டியோடு வளர்கிற பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். போனில் பேசும்போது "படிச்சியா, சொல்லு கேட்டியா" என்று மட்டும் கேட்காமல், "இன்னைக்கு யாரோட விளையாடினே?" என்றும் கேளுங்கள். சண்டை நடந்துவிட்டால் மறுநாள் பிள்ளையிடம், "நேத்து நாங்க சத்தம் போட்டது உன்னாலே இல்லை" என்று சொல்லுங்கள். தன்னால்தான் சண்டை வந்தது என்று நினைத்துக்கொண்டு நடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடி என்பது குடும்ப விஷயம் இல்லை

வாய்ச் சண்டை வேறு, அடி வேறு. "புருஷன் பெண்சாதிக்குள்ளே ஆயிரம் இருக்கும்" என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் கதவை மூடிக்கொள்ளக் கூடாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதற்காகவே வந்தது. அடி, உதை, தொடர்ந்து மிரட்டல் நடந்தால் பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவருக்காகப் பொலிசும் கேட்கலாம். அவசரத்துக்கு 14 நாள் வரை இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை கட்டளையும் கொடுக்க இடமுண்டு. இது கணவனைச் சிறையில் போடுகிற வழக்கு இல்லை, கிட்டே வந்து அடிக்காதே என்று கோர்ட் போடுகிற தடை. அந்தத் தடையை மீறினால்தான் தண்டனை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கு 1929.

கோபம் உள்ளே திரும்பினால்

சில பேர் யாரையும் ஏசுவதில்லை, அடிப்பதில்லை. கோபமும் கவலையும் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும். இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஆசையில்லை, காரணமில்லாமல் அழுகை, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு. பிள்ளை பெற்ற தாய்க்கும் இது வரலாம். பேய், சூனியம் என்று மந்திரிக்கிறோம். கோயிலுக்குப் போங்கள், கயிறு கட்டுங்கள், மனதுக்குத் தெம்பு வரும். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கில் மருந்தும் ஆலோசனையும் இலவசம். மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை எடுக்கும். இரண்டு நாளில் சுகமில்லை என்று நிறுத்தக் கூடாது.

இந்த நாட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று அது. பிறகு, கொடிய விஷமுள்ள பூச்சிமருந்துகளும் களைகொல்லிகளும் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டன. அடுத்த இருபது வருஷத்தில் அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. வறுமையும் குடியும் குடும்பச் சண்டையும் அதற்குள் ஒழிந்துவிடவில்லை. கோபம் தலைக்கேறிய அந்த நேரத்தில் உயிரை எடுக்கிற பொருள் கைக்கு எட்டவில்லை. நேரம் கடந்தது, கோபம் இறங்கியது, உயிர் மிஞ்சியது. அப்படிப் பிழைத்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள்.

ஆகவே தோட்ட மருந்து, மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிய மருந்து எதையும் காம்பராவுக்குள் வைக்காதீர்கள். ஸ்டோரில் பூட்டி வையுங்கள். யாராவது "செத்துப்போனா நல்லது" என்று சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். "உசிரை மாய்ச்சுக்கணும்னு நெனைக்கிறீங்களா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேச ஒரு ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். தனியாக விடாமல் கூட இருந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

கடைசியாக ஒரு வார்த்தை. சம்பளம், வீடு, காணி என்று நமக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அந்தக் கோபம் நியாயமான கோபம். அது தேவை. அதைச் சங்கத்திலும் ஆபீசிலும் ஓட்டிலும் காட்டுவோம். வீட்டுக்குள் வரும்போது கூடையோடும் படங்கோடும் சேர்த்து அதையும் வெளியே கழற்றி வைப்போம்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும், வாசிக்கத் தெரியாத பக்கத்துக் காம்பரா அக்காவுக்கும் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். இலக்கங்கள் மூன்றையும் சுவரில் எழுதி வையுங்கள்: 1926, 1929, 1938.